இளஞ்சூட்டில் இறங்கும் இனிப்பு

நிக்காஹ் மஜ்லிஸ் முடிந்து துஆ ஓதியதும் தாம்பாளத்தில் சுற்றிவரும் பேரீச்சம்பழத்தையும் கற்கண்டையும் கைநீட்டி எடுத்துக்கொள்ளாதவர் நம்மில் யாரும் இலர். அந்தக் கற்கண்டு என்னும் சொல்லின் பயணம் நெடியது. அதன் பின்பாதியாகிய 'கண்டு', துண்டு என்று பொருள்படும் வடமொழிக் 'கண்டம்' என்பதற்கு உறவு. அதுவே பார்சியில் 'கந்த்' என்றாகி, அரபியரிடம் 'கந்தீ' என வழங்கி, பிரெஞ்சுக்காரர் வழியே ஆங்கிலேயரை அடைந்து 'கேண்டி' ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை "கேண்டி வேண்டும்" என்று அடம்பிடிக்கும்போது, தன் பாட்டன் வீட்டுப் பொருளைத்தான் அது அயலார் பெயரால் கேட்கிறது. அல்வா என்பது அரபியின் 'ஹல்வா' என்பதை நம்மில் பலரும் அறிவர். மிட்டாய், இந்துஸ்தானியிலிருந்து வந்தது. இந்தக் கூட்டத்தில் சாக்லேட் ஒன்றுதான் புதிய விருந்தாளி. மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினரின் மொழியிலிருந்து ஸ்பானியர் வாய்வழியாக உலகைச் சுற்றி வந்தது.

எங்கள் சேத்தியாத்தோப்புக்கு அது வந்து சேர்ந்த வழியோ வேறு. அரபு நாடுகளிலிருந்து விடுப்பில் வருவோரின் பெட்டியில், அத்தர் சீசாவுக்கும் தைலப் புட்டிக்கும் இடையே, உருகி வளைந்துபோன பொட்டலங்களாக அது வந்தது. மற்றபடி இனிப்புக்கு வேண்டிய எல்லாம் எங்கள் மண்ணிலேயே விளைகின்றன. வெள்ளாற்று அணைக்கட்டும், அதன் பாசனத்தில் கரும்பு வயல்களும், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அமைந்த ஊர் இது. மேற்கே விருத்தாசலம் போகப் போக மண் சிவந்து, மணிலாக்கொட்டையும் முந்திரியும் கண்ணில் படத் தொடங்கும். அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை, முந்திரி இரகங்கள் 'வி.ஆர்.ஐ.' என்று விருத்தாசலத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. வடக்கே நெல்லிக்குப்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1914-இல் மிட்டாய்த் தொழிலில் இறங்கிய பாரி நிறுவனம் அங்கே செய்த மிட்டாய்களைச் சுவைத்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 2004-இல் அத்தொழில் தென்கொரிய நாட்டு லோட்டே நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஆகவே சர்க்கரையும் கொட்டையும் மிட்டாயும் எங்கள் மாவட்டத்துக்குப் புதியன அல்ல. அவற்றைச் சாக்லேட்டோடு வீட்டு அடுக்களையில் சேர்த்து வைக்க ஒரு சட்டி வேண்டியிருந்தது. அதைப் பற்றியே எழுத வந்தேன்.

என் மனைவியின் தங்கை மகள், ஷார்ஜாவில் கணவரோடு ஒன்பது ஆண்டுகள் இருந்தவள். அவர் வேலை பார்த்த நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது, இரண்டு பிள்ளைகளோடு குடும்பம் ஊர் திரும்பியது. கொண்டுவந்த சாமான்களில் கனமான பெட்டி ஒன்று இருந்தது. பிரித்தால், கறுத்த நீள்வட்டமான பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றி ஒரு மின்சாரக் கூடு, மேலே கண்ணாடி மூடி. "ஸ்லோ குக்கர் பெரியத்தா" என்றாள். அதன் செருகிக்கு அந்த நாட்டு வழக்கப்படி மூன்று சதுரக் கால்கள்; நம் ஊர்ச் செருகி மாற்றிய பிறகே அது உயிர்பெற்றது. ஸ்லோ குக்கர் என்பதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று என் மாணவர்களைக் கேட்டேன். 'மெதுவடுப்பு' என்றான் ஒருவன். அடுப்பு அன்று, அது சட்டி. நான் அதற்கு 'நிதானச் சட்டி' என்று பெயரிட்டேன். வீட்டில் யாரும் அப்படி அழைப்பதில்லை.

அதனுள் இருக்கும் பாத்திரம் மண்ணைச் சுட்டு மெருகேற்றிய பீங்கான் வகை. பீங்கான் என்றாலே எங்கள் வட்டாரத்தார் விருத்தாசலத்தை நினைப்பார்கள். பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்லூரியும் உள்ள ஊர் அது. பொம்மை முதல் மின்கம்பத்து வெள்ளைக் குமிழ் வரை அங்கே உருவாகியிருக்கின்றன. பீங்கான் என்னும் சொல்லும் பார்சியின் 'பிங்கான்'தான். ப என்னும் ஒலி அரபியில் இல்லாமையால் அரபியர் அதை 'ஃபின்ஜான்' என்றார்கள். வளைகுடாவில் காவா அருந்தும் சிறு கிண்ணத்தை இன்றும் அப்பெயராலேயே அழைக்கிறார்கள். ஷார்ஜாவில் ஃபின்ஜானைக் கையில் பிடித்தவள், இங்கே வந்து பீங்கானில் மிட்டாய் செய்கிறாள். இரண்டும் ஒரே சொல் என்று அவளிடம் சொன்னபோது, "அப்படியா?" என்று கேட்டுவிட்டுக் கடலையின் தோலைப் புடைக்கப் போய்விட்டாள்.

இந்தச் சட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் இதற்கு 1940-இல் காப்புரிமை பெற்றார். அவர் யூதக் குடும்பத்தவர். யூதர்கள் தங்கள் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டமாட்டார்கள். ஆகவே முதல்நாள் மாலையிலேயே பயறும் இறைச்சியும் இட்ட பானையை, ஊர் ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பில் வைத்துவிடுவார்கள். தணியும் சூட்டில் இரவெல்லாம் வெந்து மறுநாள் உணவாகும். லித்துவேனியாவில் நடந்த இவ்வழக்கத்தைத் தம் தாயார் சொல்லக் கேட்டு, அதே இளஞ்சூட்டை மின்சாரத்தில் தரும் சட்டியை அவர் அமைத்தார். பின்னர் அந்த உரிமையை வாங்கிய நிறுவனம் 1971-இல் வேறு பெயரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தபின்தான் உலகெங்கும் பரவியது.

நமக்கு இது விந்தையாகத் தோன்ற வேண்டியதில்லை. கோதுமையும் இறைச்சியும் சேர்த்து இரவு முழுதும் குழைய வேகவைக்கும் 'ஹரீஸா', ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டளவில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே இடம்பெற்றது. அதன் வழிவந்த 'ஹரீஸ்' வளைகுடா நாடுகளில் ரமலான் மாதத்து உணவாக இன்றும் இருக்கிறது. யுனெஸ்கோ 2023-இல் அதை மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஏன், அஸருக்கு முன்பே பள்ளிவாசல் முற்றத்தில் ஏற்றி, தணல் குறைத்து மஃரிப் வரை குழைய விடும் நம் நோன்புக்கஞ்சி எந்த வகை? உமியடுப்பில் பால் காய்ச்சிய நம் மூதாட்டிமார், மின்சாரம் வருமுன்பே நிதானச் சட்டிக்காரர்கள். பொருளைச் சூட்டின் கையில் ஒப்படைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது எப்படி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆனால் இனிப்பு எல்லாவற்றுக்கும் இந்த நிதானம் பொருந்தாது. நம் கடலைமிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் உட்பட எல்லாவற்றுக்கும் உயிர், பாகின் பதம். வெல்லப்பாகை ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டால் உடனே இறுகி, கிண்ணத்தில் தட்டும்போது 'டங்' என்று ஒலிக்க வேண்டும். கொதிநீரின் சூட்டைவிட ஏறத்தாழ அரைப்பங்கு அதிகமான சூடு அது. அந்தப் பதம் வந்த நொடியில் கடலையைக் கொட்டிக் கிளறித் தட்டிப் பரப்பி வில்லை போட்டாக வேண்டும். வாசலில் யார் அழைத்தாலும் திரும்பிப் பார்க்கலாகாது. சாக்லேட்டின் இயல்போ நேர் எதிர். அதில் உள்ள கோகோ வெண்ணெய் 34 பாகை அளவிலேயே உருகிவிடும். மனித உடலின் சூடு 37 பாகை. ஆகவேதான் வாயில் இட்டவுடன் கரைகிறது. ஐம்பதைத் தாண்டிச் சூடேற்றிக்கொண்டே போனால் குழம்பிக் கட்டிதட்டி, கருகிய நாற்றம் எடுக்கும். பெரிய தீயில் நேரே வைத்த பாத்திரத்தில் சாக்லேட்டை உருக்க முயன்றவர்கள் இதை அறிவர்.

இன்னொரு பகை, தண்ணீர். கால் கரண்டித் தண்ணீர் போதும். வழவழவென்று உருகி நின்ற சாக்லேட் நொடியில் மணல்போல் திரண்டுவிடும். அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரத்தைக் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். ஈரக் கரண்டி, கழுவித் துடைக்காத சட்டி, மூடியிலிருந்து சொட்டும் ஆவி ஆகிய மூன்றும் ஆகாதவை.

இனி அவள் செய்யும் முறை. வாசக அன்பர்களின் வீட்டுப் பெண்மக்கள் கேட்பார்கள் என்பதால் அளவோடு எழுதுகிறேன். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 600 கிராம். இரண்டாய் உடைத்து இளம்பொன்னிறமாக வறுத்த முந்திரி 200 கிராம். கட்டியாக விற்கும் கறுப்புச் சாக்லேட் 500 கிராம், பால் சாக்லேட் 300 கிராம். சுருங்கிய கடலை, கறுத்த கடலை, பூஞ்சை படிந்த கடலை எதுவாயினும் முன்பே பொறுக்கி எறிந்துவிட வேண்டும். கசப்பு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கடலையில் படியும் ஒருவகைப் பூஞ்சை ஈரலுக்கு நஞ்சு. வறுப்பதால் அந்நஞ்சு முற்றும் போய்விடுவதில்லை.

சட்டி முற்றிலும் உலர்ந்திருக்க, முதலில் கடலையையும் முந்திரியையும் அடியில் பரப்புகிறாள். அதன்மேல் சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி அடுக்குகிறாள். இந்த வரிசை காரணமின்றி அமைந்ததன்று. சட்டியின் சூடு அடியிலும் பக்கத்திலுமிருந்து வருகிறது. சாக்லேட் நேரே அடியைத் தொட்டால் கருகும். கொட்டைகள் இடையில் நின்று சூட்டை வாங்கி, தணித்து, மேலே அனுப்புகின்றன. மூடிக்குக் கீழே உலர்ந்த பருத்தித் துணி ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் முனைகளை மூடியின்மேல் மடித்துவிடுகிறாள். எழும் ஆவியைத் துணி குடித்துக்கொள்ளும். பிறகு மிகக் குறைந்த சூட்டில் வைத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுகிறாள். அந்த ஒரு மணி நேரமும் கிளறுவதில்லை. திறந்து பார்ப்பதுகூட இல்லை. லுஹர் பாங்கு சொல்லும்போது வைத்தால், தொழுது, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருகையில் மேலே இருக்கும் துண்டுகள் உருவம் கலையாமலே இளகியிருக்கும். அப்போது மின்சாரத்தை அணைத்துவிட்டு மரக்கரண்டியால் ஒருமுறை கிளறினால், கொட்டைகள் எல்லாம் கறுத்துப் பளபளத்து எழும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குறைந்த சூடு என்று எழுதியிருப்பதை நம்பி நான்கு மணி நேரம் விட்டுவிடக் கூடாது. இச்சட்டிகள் குறைந்த சூட்டில் வைத்தாலும் கடைசியில் கொதிநிலையை நெருங்கவே செய்யும். சென்று சேரும் நேரம்தான் வேறு. கஞ்சிக்கு அது நன்மை, சாக்லேட்டுக்குக் கேடு.

கிளறியதைத் தேக்கரண்டியால் அள்ளி, எண்ணெய் ஊறாத பட்டர் தாளின்மேல் சிறு சிறு குவியல்களாக வைக்கிறாள். இரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும். இந்த அளவுக்கு ஏறத்தாழ நூறு மிட்டாய் தேறும். மேலே சிறிது கல்லுப்பைப் பொடித்துத் தூவுவது அவள் பழக்கம். இனிப்பில் உப்பா என்று முகம் சுளித்த நான், இப்போது உப்பில்லாததைத் தொடுவதில்லை. பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி நறுக்கிச் சேர்ப்பதும் உண்டு. அது உலர்ந்த வகையாக இருக்க வேண்டும். பிசுபிசுக்கும் பழமானால் ஈரத்தால் சாக்லேட் திரண்டுவிடும்.

இந்தச் சட்டி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். அகன்ற பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அதன்மேல் வாய் பொருந்தும் எவர்சில்வர் கிண்ணத்தில் சாக்லேட்டை இட்டு, ஆவி உள்ளே புகாமல் உருக்கலாம். கொட்டைகளை இளஞ்சூடாக வைத்திருந்து அதில் கொட்டினால் போதும். கைவேலை சற்றுக் கூடும், அவ்வளவே. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக்கடலை வைத்த மிட்டாயைக் கொடுக்கலாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மூச்சுக்குழலில் சிக்கும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஆகவே இனிப்பைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியன் இத்தனை பக்கம் எழுதுவது தகுமா என்று யாரும் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன். மதரஸாவில் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்பது வேறு: "ஹஜ்ரத், இது ஹலாலா?" வெளிநாட்டுச் சாக்லேட் பொட்டலத்தை நீட்டிக் கேட்பார்கள். உள்ளே மது நிரப்பிய சாக்லேட் வகைகள் மேல்நாட்டில் உண்டு. அவற்றுக்கு விடை எளிது. மெல்லும் மிட்டாய்களில் சேரும் ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். வெறும் சாக்லேட்டில் இவ்விரண்டும் இல்லை. வீட்டில் செய்ததில் என்ன போட்டோம் என்பது நமக்கே தெரியும் என்பதுதான் அதன் பெரிய நிம்மதி.

அப்படித்தான் எண்ணியிருந்தோம். சிக்கல் அங்கேதான் எழுந்தது.

முதல் பெருநாளுக்கு அவள் செய்து தெருவில் பங்கிட்டாள். அடுத்த பெருநாளுக்குக் காசு கொடுத்துக் கேட்டார்கள். பிறகு வாரம் இரண்டு சட்டி, மூன்று சட்டி என்றாயிற்று. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து பதினான்கு இலக்க எண்ணும் வாங்கிக்கொண்டாள். அவள் கணவருக்கு ஊரில் நிலையான வேலை அமையவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் இந்த மிட்டாயிலிருந்துதான் போனது. அந்நேரம் உலகச் சந்தையில் கோகோ விலை ஏறத் தொடங்கியது. ஐவரி கோஸ்ட், கானா ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைச்சல் பொய்த்ததால், 2024 டிசம்பரில் ஒரு டன் 12,000 டாலரையும் தாண்டிற்று. எங்கோ ஆப்பிரிக்காவில் மரம் காய்க்காமல் போனது, சேத்தியாத்தோப்பில் ஒரு வீட்டின் பள்ளிக்கட்டணத்தைத் தொட்டது.

கடைகளில் கட்டியாக விற்கும் சாக்லேட் இரண்டு வகை. ஒன்று, கோகோ வெண்ணெயால் ஆனது. மற்றொன்று, கோகோத் தூளோடு பனைவகைக் கொட்டைகளின் கொழுப்பைச் சேர்த்துச் செய்வது. அதைக் 'காம்பவுண்ட்' என்பார்கள். விலை பாதிக்கும் குறைவு. இவள் இரண்டாவதைத்தான் முதலிலிருந்தே பயன்படுத்தினாள். விலை மட்டும் காரணமன்று. கோகோ வெண்ணெய்ச் சாக்லேட்டை உருக்கியபின் குறித்த சூடுகளில் இறக்கி ஏற்றிப் பக்குவம் செய்தால்தான் பளபளப்போடு இறுகும். இல்லையேல் வெள்ளைத் திட்டு படர்ந்து, விரல் பட்டாலே பிசுபிசுக்கும். நம் சித்திரை வெயிலில் பக்குவம் செய்ததும் பெட்டிக்குள்ளேயே இளகும். காம்பவுண்டுக்கு அந்தப் பக்குவம் வேண்டியதில்லை. வெயிலையும் ஓரளவு தாங்கும். நிதானச் சட்டியில் செய்யும் மிட்டாய்க்கு ஏற்றது அதுவே என்று இத்தொழில் அறிந்தவர்கள் சொல்வார்கள். இரண்டையும் கலந்து உருக்கினால் இன்னும் மோசம். அவ்விரு கொழுப்புகளும் ஒத்துப்போகமாட்டா.

பக்கத்து நகரத்து இனிப்புக்கடை ஒன்று, மாதந்தோறும் பத்துக் கிலோ எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை: பெட்டியின் மேல் 'சுத்தமான சாக்லேட்' என்று அச்சிட வேண்டும். அவள் என்னிடம் வந்தாள்.

"பெரியத்தா, காம்பவுண்டு கெட்ட பொருளா?"

"இல்லையம்மா."

"ஹராமா?"

"அதுவும் இல்லை."

"ஐம்பது காசு மிட்டாயைக்கூட ஊரே சாக்லேட்டுன்னுதானே சொல்லுது? நான் சொன்னா மட்டும் எப்படிப் பொய்யாகும்?"

கேள்வி நியாயமானது. சொல்லுக்கு மக்கள் வழக்கில் என்ன பொருளோ அதுவே வணிகத்தில் கொள்ளப்படும் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. அதை 'உர்ஃப்' என்பார்கள். தமிழ்நாட்டில் சர்க்கரையும் குளுக்கோஸும் சேர்ந்த எந்த உருண்டைக்கும் சாக்லேட் என்றே பெயர். பிறந்தநாளன்று வகுப்பில் பிள்ளைகள் பங்கிடுவதில் கோகோ மணமே இல்லாதவை எத்தனை! ஆகவே அவள் 'சாக்லேட் மிட்டாய்' என்று வாயால் சொல்லி விற்பதில் எனக்குத் தடையொன்றும் தோன்றவில்லை. 'சுத்தமான' என்னும் சொல்தான் உறுத்தியது. அந்தச் சொல்லுக்காகவே கடைக்காரர் கூடுதல் விலை வைக்கப்போகிறார். வாங்குபவர் அந்தச் சொல்லை நம்பியே கொடுக்கப்போகிறார்.

இதற்கு நேரான ஒரு சட்டப்பிரச்சினையை மாணவப் பருவத்தில் ஓதியிருக்கிறேன். பால் தரும் ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்கப்போகிறவர், சில நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கவைத்துச் சந்தைக்கு ஓட்டிவருகிறார். அதற்கு 'தஸ்ரியா' என்று பெயர். ஆட்டுக்கு நோயில்லை. மடியில் இருப்பதும் அதன் சொந்தப் பால்தான். வேற்றுப்பொருள் ஒன்றும் கலக்கவில்லை. ஆயினும் தோற்றம், இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுகிறது. அப்படி வாங்கியவர் கறந்து பார்த்தபின், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. பொருள் நல்லதாக இருந்தாலும், அதைப் பற்றிய சொல் பொய்யானால் வாங்கியவருக்கு உரிமை பிறக்கிறது என்பதே இதன் சாரம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் கண்டு, மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைக்கலாகாதா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்ச்சியை நீங்கள் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டு ஷைஸரீ என்பார், கடைத்தெருவைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்காக எழுதிய நூலில் ஹல்வா செய்வோருக்கென்றே ஒரு பகுதி வைத்து, அவர்கள் செய்யும் கலப்படங்களை விவரிக்கிறார். இனிப்பு விற்பவரைக் கண்காணிக்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியிருக்கிறது.

நான் இவ்வளவையும் சொல்லி, "சுத்தமான என்பதை மட்டும் விட்டுவிடு" என்றேன். என் மனைவி அருகில் அமர்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் தீர்ப்பு நிறைவளிக்கவில்லை. "விட்டுட்டா போதுமா? ஈரத்தை மேலே வைக்கணும்னுதானே நீங்களே சொன்னீங்க? காம்பவுண்டுன்னு எழுதணும்" என்றாள். சொல்லாமல் விடுவதும், சொல்லிவிடுவதும் வெவ்வேறு படிகள். எதை எதைச் சேர்த்தோம் என்று பொட்டலத்தில் குறிப்பது நாட்டுச் சட்டமாகவும் இருக்கிறது. ஆயினும் அதைப் பின்புறத்தில் எறும்பளவு எழுத்தில் அச்சிட்டுச் சட்டத்தைத் திருப்திப்படுத்திவிடலாம். என் மனைவி கேட்டது முன்புறத்தை.

இளையவள் இரண்டு நாள் பேசவில்லை. பத்துக் கிலோ என்பது அவளுக்குச் சிறிய தொகையன்று; தீர்ப்புச் சொல்வோருக்கு அதில் இழப்பு ஒன்றுமில்லை என்பதையும் நான் உணராமலில்லை. மூன்றாம் நாள், தன் மகனைக் கொண்டு எழுதவைத்த ஒரு தாளைக் காட்டினாள். 'கோகோக் கலவை மிட்டாய். வேர்க்கடலை, முந்திரி சேர்ந்தது. கோகோ வெண்ணெய் இல்லை.' எழுத்துகள் பெரியவை. இனிப்புக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, கலவை என்றால் கலப்படம் என்று மக்கள் எண்ணிவிடுவார்கள் என்று சொல்லி வேண்டாமென்றுவிட்டார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கலவைக்கும் கலப்படத்துக்கும் நடுவே ஒரு விகுதிதான் தூரம். அதை ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இப்போது அவளிடம் வாங்குபவர்கள் நேரே வீட்டுக்கு வருபவர்கள். புவனகிரியில் ஒரு நிக்காஹ் வீட்டார், தாளைப் படித்துவிட்டு, "கோகோ வெண்ணெய் போட்டது எவ்வளவு?" என்று கேட்டார்கள். அதற்குரிய விலையையும், அது வெயிலில் இளகும் என்பதையும் சொன்னாள். அவர்கள் கணக்குப் பார்த்து, கலவை மிட்டாயிலேயே முந்நூறு பெட்டி, ஒவ்வொன்றிலும் நான்கு மிட்டாயும் ஒரு கற்கண்டுப் பொட்டலமும் என்று சொல்லிப் போனார்கள். மாதம் பத்துக் கிலோவுக்கு அது ஈடாகாது. நிக்காஹ் மாதங்களில் கை நிறைகிறது, மற்ற மாதங்களில் இல்லை. பரங்கிப்பேட்டைப் பக்கமும் சொல்லிவைத்திருக்கிறாள்.

காற்றுப் புகாத டப்பாவில், பட்டர் தாள் இடையிட்டு அடுக்கி, நிழலான இடத்தில் வைத்தால் இந்த மிட்டாய் மூன்று வாரம் கெடாது. குளிர்பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்தவுடன் மேலே வேர்வை பூத்து மங்கும். டப்பாவோடு வெளியே எடுத்து, சூடு சமமானபின் திறப்பது நலம். சித்திரை, வைகாசியில் அவள் நிதானச் சட்டியைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டுக் கடலைமிட்டாய் செய்கிறாள். வெல்லப்பாகுக்கு வெயில் பகையன்று. ஐப்பசி மழைக் காற்றில்தான் அது கசியும். அதற்குள் சட்டி கீழே இறங்கிவிடும்.